சீனி வருத்தமும் இன்சுலின் ஊசியும்



இந்த முறை சீனி வருத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். நீரிழிவு, சக்கரை வியாதி, டயபடீஸ் என்று என்ன பேர் சொன்னாலும் வருத்தம் ஒன்றுதான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், கவ்வாத்து வெட்டுகிற ஒரு அண்ணன் மலையில் தள்ளாடி விழுந்துவிட்டார். காலை ஒன்பதரை மணி இருக்கும். உடம்பெல்லாம் வேர்வை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். "ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் குடிதான் என்று நினைத்து அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான் ஓடி வந்து, "ஐயா, இவருக்கு சீனி ஊசி போடுறாங்க, ஏதாச்சும் இனிப்பு குடுங்க" என்று சொல்லி, தன் போத்தலில் இருந்த சீனி போட்ட தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணித்தியாலத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் விடிய ஊசி போட்டிருக்கிறார். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ரொட்டி சாப்பிடாமல் வந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கஷ்டம். "இந்த ஊசியாலதான் விழுந்தேன், இனி வேணாம்" என்று அவர் ஊசியை நிறுத்திவிட்டார். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சில மாதத்தில் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு மலை ஏறுகிற வேலை அவரால் முடியவில்லை.

குற்றம் ஊசியில் இல்லை, வெறும் வயிற்றில் இருந்தது. இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு தோட்ட மருந்தக ஐயாவிடமும், தாதி வேலைக்குப் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளை தன் பாடக் கொப்பியை விரித்து வைத்து, வாத்தியாரம்மா மாதிரி எனக்குச் சொல்லித் தந்தது.

சீனி வருத்தம் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பாண், கிழங்கு எல்லாம் வயிற்றில் செரித்து குளுக்கோஸ் என்ற ஒரு வகைச் சீனியாக மாறி இரத்தத்தில் சேரும். அந்தச் சீனி உடம்பின் சின்னச் சின்ன அறைகளுக்குள் (உயிரணுக்கள் என்பார்கள்) போனால்தான் நமக்குச் சக்தி வரும்.

இதை நம்ம பாஷையில் சொன்னால், இரத்தம்தான் ரோட்டு. குளுக்கோஸ்தான் லொறியில் வரும் கொழுந்து. உயிரணுதான் பெக்டரி. பெக்டரி கேட்டைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இன்சுலின். நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அதுதான் இன்சுலினைச் சுரக்கிறது.

கேட் திறக்காவிட்டால் என்ன ஆகும்? உள்ளே மெஷினுக்குக் கொழுந்து இல்லை, வெளியே ரோட்டில் லொறி குவிந்துபோகும். அதே மாதிரிதான் இரத்தத்தில் சீனி கூடி, உடம்பு பட்டினி கிடக்கும். கூடின சீனி சிறுநீரோடு தண்ணியையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், பசி, களைப்பு, எடை குறைதல் எல்லாம் வருகிறது.

நம் நாட்டில் 2005–2006இல் செய்த பெரிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே அதுவரை தெரியாது. ஆகவே "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது.

எத்தனை வகை?

முக்கியமாக மூன்று வகை. எந்த வகை என்று தெரிந்துகொள்வது மிக அவசியம், ஏனென்றால் மருந்து வேறுபடும்.

முதலாம் வகை: இதில் கேட் திறக்கிற ஆளே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகக் கணையத்தில் இன்சுலின் செய்யும் பகுதியை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் வரும். பெற்றோர் செய்த பிழையாலோ, இனிப்புச் சாப்பிட்டதாலோ வருவதில்லை. இவர்களுக்கு இன்சுலின் ஊசி மட்டும்தான் மருந்து. சோறு தண்ணி மாதிரி அது இல்லாமல் உயிர் தங்காது.

இரண்டாம் வகை: இதுதான் நம் மத்தியில் அதிகம். ஆள் இருக்கிறார், ஆனால் கேட்டின் பூட்டுத் துருப்பிடித்துவிட்டது. எவ்வளவு முயற்சி செய்தாலும் கொஞ்சம்தான் திறக்கிறது. வருஷக்கணக்காக இப்படி மல்லுக்கட்டிக் கடைசியில் அந்த ஆளும் களைத்துப் போகிறார். வயது, கூடின எடை, வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, பரம்பரை எல்லாம் காரணம். மெலிந்தவர்களுக்கும், மலை ஏறி இறங்குபவர்களுக்கும்கூட வரும். ஆரம்பத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மெட்ஃபோமின் போன்ற குளிசைகள் போதும். வருஷம் போகப் போகப் பலருக்கு ஊசி தேவைப்படும்.

மூன்றாவது, கர்ப்பகாலச் சீனி: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுரக்கும் சில ஹோமோன்கள் பூட்டை இறுக்கிவிடும். கவனிக்காவிட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவம் சிக்கலாகும். பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னாளில் இரண்டாம் வகை வர வாய்ப்பு அதிகம். ஆகவே பிரசவத்துக்குப் பிறகும் பரிசோதனையை விடக் கூடாது. மிட்வைஃப் அம்மா கிளினிக்குக்கு வரச் சொன்னால் "பேர் போயிரும்" என்று தங்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பத்து வயதுப் பிள்ளை திடீரென்று பாயில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். குடம் குடமாகத் தண்ணி கேட்டாள். இரண்டு மூன்று கிழமையில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். ஒரு நாள் வாந்தி, வயிற்று வலி, மூச்சு இரைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பிள்ளைக்கு முக்கால்வாசி நினைவில்லை. அங்கே போனதும் இன்சுலினும் சேலைனும் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இன்று அவள் தானே ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். ஓட்டப் போட்டியிலும் ஓடுகிறாள்.

இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்சுலின் இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அதில் கீற்றோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேர்ந்துவிடும். வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேகமான மூச்சு, பழம் அழுகின மாதிரி வாய் வாசனை, மயக்கம், இவைதான் அடையாளம். இப்படிக் கண்டால் மந்திரிக்கக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். சாமி கும்பிடுவதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் போய்க்கொண்டே கும்பிடுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்

1922க்கு முன் முதலாம் வகைச் சீனி வருத்தம் வந்த பிள்ளை பிழைக்கவே முடியாது. சாப்பாட்டை மிகக் குறைத்து, பட்டினி போட்டு, சில மாதம் நாளைத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். 1921இல் கனடா நாட்டில் டொரொன்ரோ நகரில் பான்ரிங் என்ற டொக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாயின் கணையத்தில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி மாதம் லெனர்ட் தொம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்துத் திரும்பவும் போட்டபோது சீனி இறங்கியது. சாகக் கிடந்த அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 வருஷம் உயிரோடு இருந்தான்.

கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை டொரொன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் கிடைக்காதிருந்த அந்த மருந்து இன்றைக்கு நம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கப்படுகிறது. அதை வேண்டாம் என்று ஒதுக்குவது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த ஊசி எப்போது வேலை செய்யும்?

கவ்வாத்து அண்ணனுக்கு நடந்தது ஏன் என்று புரிய, இது தெரிய வேண்டும். இன்சுலினில் பல வகை உண்டு.

தெளிந்த இன்சுலின் (சொலியுபள்): தண்ணி மாதிரி இருக்கும். போட்டு அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கும். 2 முதல் 4 மணித்தியாலத்தில் வேகம் கூடுதல். 6 முதல் 8 மணித்தியாலம் வரை இருக்கும்.

கலங்கிய இன்சுலின் (ஐசோஃபேன்): பால் கலந்த மாதிரி இருக்கும். மெதுவாகத் தொடங்கி, 4 மணித்தியாலத்துக்குப் பிறகு வேகம் எடுத்து, 12 மணித்தியாலத்துக்கும் மேலாக வேலை செய்யும்.

கலவை இன்சுலின்: நம்மில் பலருக்குக் கொடுப்பது இதுதான். 100 பங்கில் 30 பங்கு தெளிந்தது, 70 பங்கு கலங்கியது. காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அரை மணித்தியாலம் முன்னால் போடச் சொல்வார்கள்.

நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் (கிளாஜின் போன்றவை): இதுவும் தெளிந்துதான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தரம் போடுவார்கள். இதை வேறு இன்சுலினோடு ஒரே சிறிஞ்சில் கலக்கக் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குக் கலவை ஊசி போட்டால், அதில் உள்ள தெளிந்த பங்கு 8 மணியில் இருந்து 10 மணிக்குள் முழு வேகத்தில் வேலை செய்யும். கலங்கிய பங்கு பகல் நேரத்தில் வேகம் எடுக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று போட்ட ஊசிக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சீனியை இறக்கிக்கொண்டே போகும். அதற்கு மேல் மலை ஏற்றமும் சீனியை எரிக்கும்.

ஆகவே ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். பத்து மணித் தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டு ரொட்டியோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழுந்து நிறுக்கத் தாமதமானால் பகல் சாப்பாடும் தாமதமாகும். அப்படியான நாளில் நிறுவைக்கு நிற்கும்போதே ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கங்காணிமாரும் சுப்பவைசர் ஐயாமாரும் இதற்கு இரண்டு நிமிஷம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

சீனி இறங்கினால் என்ன செய்வது?

இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது இறக்கம். அடையாளங்கள்: கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, தலைசுற்று, கண் மங்கல், எரிச்சல், உளறல், தள்ளாட்டம். பார்ப்பவருக்குக் குடித்தவர் மாதிரிதான் தெரியும். நான் ஏமாந்ததும் அப்படித்தான்.

1. உடனே வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள். கவ்வாத்துக் கத்தி கையில் இருந்தால் வாங்கி வையுங்கள்.
2. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நன்றாக இனிப்புப் போட்ட, சூடு ஆறின தேத்தண்ணியும் சரி.
3. கால் மணித்தியாலம் பாருங்கள். தெளியாவிட்டால் திரும்பவும் அதே அளவு கொடுங்கள்.
4. தெளிந்ததும் ரொட்டி, பாண், பிஸ்கட் ஏதாவது சாப்பிட வையுங்கள். சீனித் தண்ணி மட்டும் போதாது, திரும்பவும் இறங்கும்.
5. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990 இலவச அம்புலன்ஸுக்குப் போன் எடுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஊசி போடுகிற ஒவ்வொருவரும் மலைக்குப் போகும்போது படங்குக்குள்ளோ சட்டைப் பையிலோ ஒரு சின்னப் பொட்டலம் சீனி வைத்திருக்க வேண்டும். "எனக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதின ஒரு துண்டும் கூட இருக்கட்டும். பக்கத்து நிரையில் வேலை செய்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சில குளிசைகள் எடுப்பவர்களுக்கும் இப்படி இறங்கும். அவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஊசி போடும் முறை

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலில் உள்ள திகதியைப் பாருங்கள். கலங்கிய இன்சுலினை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இருபது தரம் மெதுவாக உருட்டுங்கள். குலுக்கக் கூடாது. உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக இருந்தால் போட வேண்டாம். தெளிந்த இன்சுலின் கலங்கியிருந்தாலும் போட வேண்டாம்.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பில் போட வேண்டும். தொடையின் முன்பக்கம், மேல்கையின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களிலும் போடலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் கட்டி வைத்து, மருந்து ஒழுங்காக ஊறாது. ஒவ்வொரு தரமும் ஒரு விரல் தள்ளிப் போடுங்கள். போட்ட பிறகு தேய்க்க வேண்டாம்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஏறி இறங்கும் காலில் இரத்த ஓட்டம் அதிகம். தொடையில் ஊசி போட்டுவிட்டு மலை ஏறினால் மருந்து நினைத்ததைவிட வேகமாக ஊறி, சீனி சடாரென்று இறங்கக்கூடும். வேலை நாளில் வயிற்றில் போடுவதே நல்லது.

சிறிஞ்சிலும் கவனம். நம் நாட்டில் கிளினிக்கில் தரும் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிட் இருக்கும். இந்தியாவில் 40 யூனிட் போத்தல்களும், அதற்கென்று வேறு சிறிஞ்சும் உண்டு. அங்கே இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சிறிஞ்சால் நம் மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு கூடிவிடும், உயிருக்கே ஆபத்து. போத்தலுக்கு ஏற்ற சிறிஞ்சைத்தான் பாவிக்க வேண்டும்.

ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, புருஷன் பெண்சாதியாக இருந்தாலும் கூடாது. பாவித்த ஊசியைக் கானிலோ தேயிலைக்குள்ளோ எறியாதீர்கள். கொழுந்து எடுப்பவர் கையிலும் பிள்ளைகள் காலிலும் குத்தும். மூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டுச் சேர்த்து, கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

பிரிட்ஜ் இல்லையே, எங்கே வைப்பது?

இதுதான் லயத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. திறக்காத போத்தலை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் தெரிந்த வீட்டிலோ தோட்ட மருந்தகத்திலோ வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐஸ் பிடிக்கும் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் கெட்டுவிட்டது என்று அர்த்தம், உருகின பிறகும் பாவிக்கக் கூடாது.

திறந்து பாவிக்கும் போத்தல் 25 பாகைக்கு மேல் சூடு படாவிட்டால் நாலு கிழமை வரை நன்றாக இருக்கும். இந்த விஷயத்தில் நம் மலைநாட்டுக் குளிர் நமக்கு உதவி. நுவரெலியாவில் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகைதான். ஆனால் லயத்துக்குள் அடுப்படி வேறு கதை. அடுப்புக்கு மேல் உள்ள பரண், வெயில் படும் ஜன்னல், தகரக் கூரைக்குக் கீழே உள்ள தட்டு, இந்த இடங்களில் வைக்காதீர்கள். ஒரு மண்சட்டியில் கொஞ்சம் தண்ணி ஊற்றி, போத்தலை இறுக்கி மூடின டப்பாவுக்குள் போட்டு அதில் மிதக்க வைத்து, நிழலில் வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதிவிடுங்கள். கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது எஞ்சின் பக்கம் வைக்காமல் கைப்பையில் கொண்டு போங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"ஊசி ஏத்தினா அதோட கடைசிதான், இல்லையா?" இல்லை. கணையம் களைத்துவிட்டது, வெளியில் இருந்து உதவி வேண்டும் என்பதுதான் அர்த்தம். ஊசியைத் தள்ளிப் போட்டவர்களுக்குத்தான் கண்ணும் சிறுநீரகமும் காலும் போகிறது. பிறகு ஊசியைத்தான் குறை சொல்கிறார்கள்.

"ஒருக்கா தொடங்கினா விடவே ஏலாதா?" முதலாம் வகைக்கு விட முடியாது. கர்ப்பகாலத்தில் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும். இரண்டாம் வகையிலும் சிலருக்கு ஆபரேஷன், காய்ச்சல் நேரத்தில் மட்டும் கொடுப்பார்கள். நிறுத்துவதை டொக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

"ஏன் குளிசையாகத் தரக் கூடாது?" இன்சுலின் ஒரு புரதம். முட்டை, பருப்பு மாதிரி அதுவும் வயிற்றில் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

"மாட்டில் இருந்தும் பன்றியில் இருந்தும் எடுப்பதாமே?" முன்பு அப்படித்தான். 1982க்குப் பிறகு, மனித உடம்பில் சுரப்பது போன்ற இன்சுலினை நுண்ணுயிர்களை வைத்துச் செய்கிறார்கள். சமயத்தைக் காரணம் சொல்லி மறுக்கத் தேவையில்லை.

"பாகற்காய், நாட்டு மருந்து சாப்பிட்டா ஊசி தேவையில்லையாமே?" பாகற்காய் கறி நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது ஊசியின் வேலையைச் செய்யாது. நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியை அதிகமாக இறக்கலாம்.

"காய்ச்சல் வந்து சாப்பிட முடியாவிட்டால் ஊசியை விட்டுவிடலாமா?" முதலாம் வகைக்காரர் ஒருபோதும் விடக் கூடாது. காய்ச்சலில் சீனி கூடும். தண்ணி குடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரியில் காட்டி, எவ்வளவு போடுவது என்று கேளுங்கள்.

"விரதம் இருக்கலாமா?" கந்தசஷ்டி, தீமிதிக்கு விரதம் பிடிப்பதற்கும், சிவனொளிபாதமலை ஏறுவதற்கும் முன் கிளினிக்கில் கேட்டு, ஊசி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். தாயார் உடம்புக்கு முடியாத பிள்ளையிடம் பட்டினி கேட்பாளா?

"சம்பள நாளில் கொஞ்சம் போட்டா?" வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் ஈரல், சீனி இறங்கும்போது கைகொடுக்காது. தூக்கத்திலேயே இறங்கிவிடும். பார்ப்பவர்கள் வெறி என்று விட்டுவிடுவார்கள். இதில் விளையாட வேண்டாம்.

காலைக் கவனியுங்கள்

சீனி பல வருஷம் கூடி நின்றால் காலில் உணர்ச்சி குறையும். அட்டை கடித்ததும், கல்லுக் குத்தியதும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரத்தைத் துடைத்து, அடிப்பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மலைக்குப் போக வேண்டாம். குளிருக்கு அடுப்பில் காலைக் காயவைப்பதும் வேண்டாம், பொசுங்குவது தெரியாது. சின்னப் புண்ணென்றாலும் அன்றைக்கே மருந்தகத்தில் காட்டுங்கள்.

எங்கே பரிசோதிப்பது?

35 வயது கடந்தவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் எடுக்கும் இரத்தத்தில் 100க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் இருந்தால் திரும்பப் பரிசோதித்து, சீனி வருத்தம் என்று உறுதி செய்வார்கள். நோய் உள்ளவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி என்று இன்னொரு பரிசோதனை உண்டு. அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும். ஆகவே கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து டொக்டரை ஏமாற்ற முடியாது!

சுவரில் ஒட்டி வைக்க

• ஊசி போட்டால் சாப்பிடு. சாப்பிடாமல் மலைக்குப் போகாதே.
• பையில் எப்போதும் சீனிப் பொட்டலம்.
• தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டாதே. சீனி வருத்தமா என்று முதலில் கேள்.
• டொக்டர் சொல்லாமல் ஊசியை நிறுத்தாதே.
• தினமும் காலைப் பார்.

கடைசியாக ஒன்று. அந்தக் கவ்வாத்து அண்ணன் இப்போது திரும்ப ஊசி போடுகிறார். லயத்து வாசலில் உட்கார்ந்து, புதிதாக ஊசி தொடங்கியவர்களுக்கு அவரே சொல்லித் தருகிறார். "எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு வெரலும் இருந்திருக்கும்" என்பார். இதை வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளே, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் நலன் விரும்பும்,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்